மனோகரன் அண்ணன் தங்கிவிட்ட கப்பல்

உங்களில் பலருக்கு அந்தச் செய்தி அவருடைய படத்தோடு வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். எனக்கு அவர் மனைவி ரோசி அக்காவின் குரலில் வந்தது. காசிமேட்டில் நெத்திலி வாங்கிக்கொண்டிருந்தேன். மீன்கார அம்மா கூறு கட்டிப் பையில் போடும் நேரத்தில் போன் அடித்தது.

"ஸ்டெல்லா, உங்க அண்ணன் எய்ந்திரிக்கல. காப்பி ஆறிப் போச்சு."

எனக்கு விளங்கவில்லை. "சூடு பண்ணி வச்சிருங்கக்கா, எழுந்ததும் குடிப்பாரு" என்றேன். "காப்பி ஆறிப் போச்சு ஸ்டெல்லா" என்றார் அக்கா மறுபடியும். அப்போதுதான் புரிந்தது. பையை வாங்கினேனா, அங்கேயே விட்டு வந்தேனா என்று இன்றைக்கும் எனக்கு ஞாபகமில்லை.

அவரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன் என்றாலும், அறியாதவர் யாராவது படித்தால் அவர்களுக்கும் தெரியட்டும். மனோகரன் அண்ணன் ராயபுரத்தில் பிறந்து ராயபுரத்திலேயே கண்ணை மூடினவர். இடையில் நெடுங்காலம் கப்பல்களின் இன்ஜின் அறையில் எண்ணெய்க் கையோடு உலகத்தைச் சுற்றினார். கடல் வேலையை விட்ட பிறகு எங்கள் மாலுமியர் இல்லத்துக்கு வந்து சேர்ந்தார். துறைமுகத்துக்கு எதிர்ச் சந்தில் இருக்கும் அது பெரிய இடமில்லை. ஒரு கூடம், சில கட்டில்கள், ஒரு கேரம் போர்டு, ஓர் அலுவலக அறை. இங்கேயும் எண்ணூரிலும் வந்து நிற்கும் கப்பல்களில் ஏறி, மாலுமிகளுக்குச் சிம் கார்டு வாங்கித் தருவது, பல்வலிக்காரனை டாக்டரிடம் கூட்டிப் போவது, கேட்டால் ஜெபிப்பது, இதுதான் வேலை. ஏறுகிறவர் அவர். அதற்கான அனுமதிச் சீட்டுகளுக்காக அலுவலகம் அலுவலகமாக நிற்கிறவள் நான்.

என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தண்டையார்பேட்டையில் மளிகைக் கடை வைத்தவர். ஞாயிறு தவறாமல் ஆராதனை, மாலை தவறாமல் குடும்ப ஜெபம். அப்படி வளர்ந்தும் எனக்குக் கடவுள் என்றால் ஆதியில் எல்லாவற்றையும் படைத்தவர், கடைசியில் வந்து நியாயம் கேட்கப் போகிறவர். நடுவில் நடப்பது நம் பாடு. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அப்படித்தான் இருந்தேன். அண்ணனுக்கோ அந்த நடுவைத் தவிர வேறெதிலும் அக்கறையில்லை.

புதன்கிழமை மாலைகளில் எங்கள் கூடத்தில் வேதபாடம் நடக்கும். துறைமுக ஒப்பந்தக்காரர்களிடம் வேலை பார்க்கும் ஆட்கள், பக்கத்துச் சந்துப் பெண்கள், சில நேரம் கரையிறங்கிய மாலுமிகள். ஒரு புதன், நாங்கள் எதை நம்புகிறோம் என்று அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணத்தை எல்லோரும் சொல்லி முடித்ததும் அண்ணன் கேட்டார்: "ஆண்டவரு பேரு கீது, அவரோட அம்மா பேரு கீது, சரி. பொந்தியு பிலாத்து பேரு இதுல இன்னாத்துக்கு?"

வாரா வாரம் சொல்கிறோம், ஒருவரும் யோசித்ததில்லை.

"ஆண்டவர சிலுவைக்கி அனுப்புன ஆபீசரு அவன். ஊர்ல கவர்னரா இருந்தான். இந்த ஆபீசரு சீட்ல இருந்தப்ப, இந்த ஊர்ல, இது நடந்துச்சுன்னு சொல்றோம். ஒரு காலத்துல ஒரு ராஜா இருந்தாருன்னு சொல்ற கத இல்ல இது. வேதத்துல அந்த அடிமைங்க செங்கல் சூளையில அழுதப்பவும் அப்டித்தான், எறங்கி வந்தாரு. நம்ம ஆண்டவரு மேல உக்காந்து ரிப்போர்ட் படிக்கிறவரு இல்ல. கலெக்டரு, போலீசு, வரி, ஜெயிலு, எல்லாம் கீற எடத்துக்கு வந்து மாட்டிக்கினவரு."

வரிசையில் கடைசியில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, "அப்ப எங்க தெருவுக்கும் வருவாரா?" என்று கேட்டார். அவர் தெருவில் அந்த வாரம் சாக்கடை பொங்கியிருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. "வந்துட்டாரும்மா. நம்பதான் இன்னும் போவல" என்றார். மறுநாள் காலையில் அந்தத் தெருவில் பேன்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு நின்றார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பர்மாக்காரப் பையன்கள் கரையிறங்கினால் அவர்களை நேரே பீச் ஸ்டேஷன் பக்கம் நடைபாதைக் கடைக்கு அத்தோ சாப்பிடக் கூட்டிப் போவார். நம் ஆட்களுக்கு அது மாலை நேரத் தீனி. நூடுல்ஸில் வெங்காயமும் புளித்தண்ணியும் போட்டுக் கையால் பிசைந்து தருவது. அவர்களுக்கு அது வீட்டுச் சாப்பாடு. ஒருமுறை நானும் போயிருந்தேன். பத்தொன்பது, இருபது வயதிருக்கும் ஒரு பையன் முதல் வாயை வைத்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். கடைக்காரர் பர்மாவிலிருந்து விரட்டப்பட்டு வந்த தமிழ்க் குடும்பத்தின் பேரன். அவன் பாஷையில் இரண்டு வார்த்தை பேசி இன்னொரு முட்டையை உடைத்து ஊற்றிக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் நான், "இந்தப் பையனுக்குச் சோறு போடறதுக்காகத்தான் அந்தக் குடும்பத்தைக் கடவுள் அங்கருந்து இங்க அனுப்பினாரா அண்ணே?" என்று கேட்டேன். கொஞ்சம் குத்தலாகத்தான் கேட்டேன்.

அண்ணன் நடையை நிறுத்தவில்லை. "தொரத்துனவன் வேற ஆளு ஸ்டெல்லா. அந்தப் பாவத்த ஆண்டவரு தலையில கட்டாத. ஆனா அவன் தொரத்துனதக்கூட வீணாப் போவ வுடல பாரு, அதான் அவரு வேலை."

இனி அந்தக் கப்பலைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களில் பலர் அதைப் பாதிதான் கேட்டிருப்பீர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் எண்ணூருக்கு வெளியே ஒரு சின்னச் சரக்குக் கப்பல் நங்கூரம் போட்டு நின்றது. அதன் முதலாளி ஏதோ ஒரு நாட்டில் கம்பெனியை மூடிவிட்டுக் காணாமல் போயிருந்தார். மாலுமிகளுக்குச் சம்பளம் நின்றது, பிறகு சாப்பாடும் நின்றது. கப்பலை ஆளில்லாமல் விட்டுவிட்டு இறங்கச் சட்டம் இடம் தராது. அவர்களை இறக்கிக்கொள்கிறோம் என்று கையெழுத்துப் போட ஆளில்லை. கரை கண்ணுக்குத் தெரிகிறது; அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரிகின்றன; ஆனால் அவர்கள் இறங்க முடியாது. மழைத்தண்ணீரைப் பிடித்துக் குடித்தார்கள். பழைய பலகைகளை உடைத்து மேல்தளத்தில் அடுப்பு மூட்டினார்கள். அப்படி மாதங்கள் போயின.

நான் மனு எழுதினேன். அலுவலகங்களில் நின்றேன். "அடுத்த வாரம் வாங்கம்மா" என்றார்கள். போனேன். "இது எங்க செக்ஷன் இல்லையே" என்றார்கள். கடைசியில் சாப்பாடு கொண்டுபோக மட்டும் அனுமதி கிடைத்தது. எண்ணூர்க் குப்பத்து மீனவர் காசி தன் ஃபைபர் படகைக் கொடுத்தார். அவரே ஓட்டவும் செய்தார். "அண்ணாத்தே, ஒங்க சாமி வேலைக்கு எங்க அம்மன் பேரு எய்தின போட்டு. ரெண்டு பேருக்கும் ஓகேவான்னு கேட்டுக்க" என்பார் காசி. "அவங்க பாத்துப்பாங்க, நீ கியரப் போடு" என்பார் அண்ணன்.

அந்தக் கப்பலில் செல்வின் என்று ஓர் இரண்டாம் இன்ஜினியர் இருந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், கிறிஸ்தவக் குடும்பம். ஆனால் அண்ணன் போகும்போதெல்லாம் அரிசி மூட்டையை வாங்கி வைத்துவிட்டு ஜெபம் தொடங்கும் முன் கீழே இறங்கிப் போய்விடுவாராம். அண்ணன் அதைக் கண்டுகொண்டதே இல்லை.

ஒரு நாள் செல்வினின் தம்பி எங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தார். அம்மா இறந்துவிட்டார், செல்வினிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வானொலிக் கருவியில் கப்பலுக்குச் சொல்லிவிடலாம் என்றேன் நான். அப்போது புயல் எச்சரிக்கை வந்திருந்தது; மறுநாள் பகலில் கரையைக் கடக்கும் என்றார்கள். அண்ணன் என்னைப் பார்த்தார். "அம்மா செத்துட்டாங்கன்றத மைக்ல சொல்றதா?" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மூட்டுவலிக்குக் கட்டியிருந்த துணிப்பட்டையோடுதான் போனார்.

அதற்குப் பிறகு நடந்ததைக் காசி சொல்லியும் செல்வின் சொல்லியும் எனக்குத் தெரியும். கடல் அப்போதே பொங்கத் தொடங்கியிருந்தது. கயிற்று ஏணி காற்றில் கப்பலில் மோதி மோதி ஆடியது. அவர் அதில் ஏறினார். செல்வினைத் தனியாக அழைத்துச் சொன்னார். செல்வின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "ஜெபம் கிபம்னு ஆரம்பிச்சிராதீங்க அண்ணாச்சி. எங்கள மறந்துட்டவர்கிட்ட எனக்குப் பேச ஒண்ணுமில்ல" என்றார்.

"சரி நைனா" என்று மட்டும் சொல்லிவிட்டு அண்ணன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கீழேயிருந்து காசி கத்தினார். இப்போது கிளம்பாவிட்டால் படகைக் கரை சேர்க்க முடியாது. அண்ணன் எட்டிப் பார்த்து, "நீ போ காசி. ரோசி கைல சொல்லிடு, நான் இங்க கீறேன்" என்றார். காசி என்னிடம் சொன்னார்: "யோசிச்சி சொல்லலக்கா. கடைக்குப் போய்ட்டு வரேன்ற மாரி சொன்னாரு."

மறுநாள் காலையிலேயே எங்கள் இல்லத்தின் கூடத்தில் கடலோரக் குடிசைக் குடும்பங்கள் வந்து நிறைந்துவிட்டன. ரோசி அக்காவும் நானும் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தோம். முதல் நாள் மாலை ஒருமுறை அண்ணன் போன் செய்து "சாப்ட்டியா?" என்று அக்காவிடம் கேட்டிருந்தார். அதற்கப்புறம் தொடர்பில்லை. காற்று கூரைத் தகடுகளைப் பிய்த்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். "எறங்கி வர்றவரு இப்போ எங்கக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

அக்கா கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எனுக்குத் தெரியல ஸ்டெல்லா. எனுக்கும் பயமாத்தான் கீது. ஆனா அந்தப் பசங்க நேத்து வரிக்கும் தனியா இருந்தாங்க. இன்னிக்கி இல்ல. அந்த மட்டும் எனுக்குத் தெரியும்." பிறகு குழந்தைகளுக்குக் கஞ்சி ஊற்றப் போய்விட்டார்.

கப்பலில், பொழுது உச்சிக்கு வரும் முன்னே நங்கூரம் பிடிப்பை விட்டுவிட்டது. கப்பல் பக்கவாட்டில் இழுபட்டு, துறைமுகத்தின் அலைதடுப்புக் கற்களை நோக்கிப் போகத் தொடங்கியது. இன்ஜினைக் கிளப்பிக் காற்றுக்கு எதிராகப் பிடித்து நிறுத்தினால்தான் உயிர் பிழைக்க முடியும். தொட்டியின் அடியில் கொஞ்சம் டீசல் கிடந்தது. அதில் பாதி கசடு. செல்வின் இன்ஜினைக் கிளப்பினார். கசடு வடிகட்டியை அடைத்தது. இன்ஜின் இருமி நின்றது. மறுபடியும். மறுபடியும்.

அப்போது ஏணியில் ஒரு டார்ச் வெளிச்சம் இறங்கி வந்தது. அண்ணன்தான். சட்டையைக் கழற்றியிருந்தார். "நீ இன்ஜினப் பாரு. நான் ஃபில்டரப் பாக்கறேன்" என்றார். அடைத்த வடிகட்டியை அண்ணன் கழுவ, செல்வின் மாட்டிய இன்னொன்றில் இன்ஜின் ஓட, அதுவும் அடைக்க, அண்ணன் கழுவியதைத் தர, இப்படியே அந்தப் பகல் முழுக்கப் போனது. தகடு கிழித்து அவர் உள்ளங்கையில் ஆழமான வெட்டு. துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி கழுவினார். கப்பல் சாய்ந்தபோதெல்லாம் இருவரும் ஒரே குழாயைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். மேலே கேப்டனும் மற்றவர்களும் கப்பலின் மூக்கைக் காற்றுக்கு நேராக வைத்திருக்கப் போராடினார்கள்.

சாயங்காலம் காற்று விட்டது. கற்கள் கூப்பிடு தூரத்தில் இருந்தன.

செல்வின் பின்னால் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து சொன்னார்: "மேல நின்னு ஜெபிப்பாருன்னு நெனச்சேன் அக்கா. கசடு கழுவிக்கிட்டு நின்னாரு. காத்து விட்டப்புறம், 'ஏன் அண்ணாச்சி தங்குனீங்க? நீங்க கரைக்குப் போயிருக்கலாமே'ன்னு கேட்டேன். 'எங்க ஆண்டவருக்குக் கரையில நின்னு கை காட்ற பயக்கம் இல்ல நைனா. எனுக்கும் கத்துக் குடுக்கல'ன்னு சொன்னாரு. அப்பதான் எங்கம்மாவ நெனச்சு அழுதேன். அதுவரைக்கும் எனக்கு அழுகை வரலக்கா."

மறுநாள் காசி படகில் போய் அவரைக் கொண்டுவந்தார். கரையில் இறங்கியதும் ரோசி அக்கா நேரே அவரிடம் போனார். வெட்டுப்பட்ட கையைப் பிடித்து விரித்துப் பார்த்தார். "தையல் போடணும்" என்றார். அவ்வளவுதான்.

கப்பல் கற்களில் மோதியிருந்தால் துறைமுகத்துக்கே ஆபத்து என்பது இப்போது எல்லோருக்கும் புரிந்தது. மாதக்கணக்கில் நகராத என் மனுவை ஒரு பெண் அதிகாரி கேட்டு வாங்கி, நின்றபடியே படித்தார். கப்பலை உள்ளே இழுத்து வரவும், ஆட்களை வீட்டுக்கு அனுப்பவும் ஏற்பாடாயிற்று. அவர்கள் கரையில் கால் வைத்த அன்றைக்கு அண்ணன் பிரியாணி சொல்லியிருந்தார். சாப்பிட்டு முடித்த செல்வின், "காசி அண்ணன் வீடு எங்க?" என்று கேட்டார். புயலில் எண்ணூர்க் குப்பத்தின் படகுகள் ஒன்றோடொன்று மோதி, இன்ஜின்களில் மணலும் உப்புத்தண்ணீரும் புகுந்து கிடந்தன. ஊருக்குப் போகும் நாள் வரை அந்த மாலுமிகள் குப்பத்து மணலில் உட்கார்ந்து ஒவ்வோர் இன்ஜினாகப் பிரித்து, துடைத்து, மாட்டிக் கொடுத்தார்கள். காசியின் இன்ஜின் முதல் இழுப்பில் கிளம்பியபோது குப்பத்துப் பெண்கள் கைதட்டினார்கள்.

அதைத் தொடர்ந்து நடந்த நன்றி ஆராதனையில் ஒரு சகோதரர் எழுந்து சாட்சி சொன்னார்: அந்தப் பிள்ளைகளை விடுவிக்கவே கர்த்தர் புயலை அனுப்பினார் என்று. "ஆமென்" என்று பலர் சொன்னார்கள். அண்ணன் எழுந்து நின்றார். அவர் கூட்டத்தில் குறுக்கே பேசுகிறவர் அல்லர்.

"வேணாம் பிரதர். அப்டி சொல்லாதீங்க. அதே புயல்ல வள்ளூர் பக்கம் ஒரு வூட்ல செவுரு வியுந்து பெரியவரு ஒர்த்தர் செத்துட்டாரு. அந்த வூட்டாண்ட போய் இத்த சொல்ல முடியுமா? சொல்ல முடியாதுன்னா இங்கயும் சொல்லக் கூடாது. புயல யாரு அனுப்புனான்னு எனுக்குத் தெரியாது. புயலுக்குள்ள அவரு இருந்தாரு. நான் பாத்தேன். எனுக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்."

உட்கார்ந்துவிட்டார். பிறகு ஏதோ மிச்சமிருப்பது போல் மறுபடி எழுந்தார். "இன்னொண்ணு. அவரு எதையும் பாதியில வுட மாட்டாரு. அந்த வள்ளூர் வூட்டையும் வுட மாட்டாரு. நாளைக்கி நான் அங்க போறேன். யார்னா வர்றீங்களா?"

ஏழெட்டுப் பேர் போனோம். நானும் போனேன். சுவர் எடுத்துக் கட்டும் வரை மாறி மாறிப் போனோம். சித்தாள் வேலை எனக்கு வராது; டீ போட்டுக் கொடுத்தேன். அந்த வீட்டு மருமகள் முதல் இரண்டு நாள் எங்களோடு பேசவேயில்லை. மூன்றாம் நாள் என் கையிலிருந்த டீச்சட்டியை வாங்கிக்கொண்டு, "நீங்க குந்துங்கக்கா, நான் போடறேன்" என்றார்.

அடக்கத்தன்று காசிமேட்டுக் கல்லறையில் கூட்டம் தாங்கவில்லை. பெட்டியைச் சுமந்தவர்களில் முன்பக்கம் ஒருவர் காசி. அவருக்கு நேர் எதிரே செல்வின். இப்போது அவர் முதன்மை இன்ஜினியர். விடுமுறையில் ஊரில் இருந்தவர், செய்தி கேட்டு ராத்திரி பஸ் பிடித்து வந்திருந்தார். அந்த வள்ளூர் மருமகள் ஓரமாக நின்றிருந்தார். போதகர் ஜெபிக்கத் தொடங்கியபோது செல்வினின் உதடுகள் அசைவதைப் பார்த்தேன்.

அவரிடமிருந்து நான் எதை வைத்துக்கொண்டிருக்கிறேன்? பொருளாக ஒன்றுமில்லை. ஒரு பேச்சை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் மெட்ராஸ் பாஷைக்கு இடமில்லை. 'இன்னா' என்று நாங்கள் சொன்னால் அப்பா ஸ்கேலை எடுப்பார். சபையிலும் சிலருக்கு அண்ணனின் பேச்சு உறுத்தியது. ஆண்டவர் 'இருக்கிறார்' என்பதை 'கீறாரு' என்று சொல்வது மரியாதையா என்று ஒரு பெரியவர் நேரிலேயே கேட்டார். "ஆண்டவரோட சீஷன் பேதுருவ அவரு பேச்ச வச்சித்தான் எந்த ஊர்க்காரன்னு கண்டுபுட்சாங்க. ஆண்டவரும் அதே ஊர்ப் பேச்சுதான் பேசியிருப்பாரு. அந்தப் பேச்சக் கேட்டு எருசலேம்காரன் சிரிச்சிருப்பான் ஐயா" என்று அண்ணன் சொல்ல, பெரியவரே சிரித்துவிட்டார். எனக்கு வேறொன்று பட்டது. நாங்கள் ஜெபங்களில் 'வந்தார்' என்போம், 'வருவார்' என்போம். ஒன்று முடிந்துபோனது, மற்றொன்று இன்னும் தொடங்காதது. அண்ணன் அந்த இரண்டையும்விட அதிகம் சொன்னது 'கீறாரு'தான்.

போன புதன் வேதபாடம் நடத்த ஆளில்லை. என்னை உட்கார வைத்தார்கள். கூடம் நிறைந்திருந்தது. ஒரு பெண் வந்திருந்தார்; அவர் கணவர் வேலை பார்த்த தொழிற்சாலை மூடப்பட்டு, வீட்டில் அடுப்பெரிவதே பாடாக இருந்தது. "அக்கா, அண்ணன் எப்பவும் ஆண்டவரு எறங்கி வந்து நம்ம கூடவே கீறாருன்னு சொல்வாரு. இப்ப எங்கக்கா அவரு?" என்று கேட்டார். நையாண்டியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

நான் தயாரித்து வைத்திருந்த நல்ல தமிழ் வாக்கியங்களில் ஒன்றும் உதவவில்லை. என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"வந்துகினு கீறாரும்மா. வா, ஒன் வூட்டுக்குப் போவலாம்."